காலடிப்பேட்டைக்குப் போன பெட்டி

சென்னையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நாலேகால் மணி நேரம். தூரம், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைபேசியில் இரண்டு ஊரின் பெயரையும் தட்டினால் கடலுக்கு மேலே ஒரு வளைந்த கோடு போட்டுக் காட்டும். ஒரு காலத்தில் அந்தக் கோட்டை நான் தினமும் பார்த்தேன். பஸ்ஸில் பார்த்தேன், டியூட்டியில் நோயாளிக்கு டிரிப்ஸ் இறங்குகிற நேரத்தில் பார்த்தேன், கக்கூஸில் உட்கார்ந்துகொண்டும் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனால் அதற்கே நாலேகால் மணி நேரம் போதாது. துபாய் அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பினேன். படித்த முட்டாள் என்று என் மாதிரி ஆளைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கோடு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தொடங்குகிறது. எங்கள் வீடு இருப்பதோ ராயபுரத்தில். நடுவில் இருக்கிற தூரத்தை எந்தக் கைபேசியும் சரியாகச் சொன்னதில்லை. அதில் என் வீட்டு மனிதர்களும் சேர்த்தி என்பது அதற்குத் தெரியாது.

நான் நர்ஸ். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டாவது வருஷம். இரண்டு அறை உள்ள எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் மகள், நான். என் கைப்பையை அம்மா தினமும் திறந்து பார்ப்பாள். எதையும் தேடவில்லை, சும்மா பார்க்கிறேன் என்பாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசுவாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் நின்றுபோனபிறகு, நான் வீட்டில் போட்டுவைத்த ஒரு நாற்காலி மாதிரி ஆகிவிட்டேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம்.

துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி, சான்றிதழ்களுக்கெல்லாம் முத்திரை வாங்கி, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய வேலை. சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அந்தக் கடிதத்தில் இருந்தது. தனி அறை தருவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி, அது என் கையில். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒரு வரியை நினைத்து நான் அழுதிருக்கிறேன்.

விசா வந்தது. வந்த நாளிலிருந்து அறுபது நாளைக்குள் அந்த நாட்டுக்குள் காலை வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாள் செல்லாது. ஏஜென்சிக்காரர் இதை மூன்று தடவை சொன்னார். நானும் வீட்டில் மூன்று தடவை சொன்னேன். அறுபது நாள் என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அறுபது நாளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

முதல் மூன்று வாரத்தை அண்ணன் மகளின் காது குத்து தின்றது. அத்தை இல்லாமல் காது குத்தா என்றார்கள். அது முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள். நைனாவின் வீட்டில் நாலு தலைமுறையாக மாதா கோயில் மணி கேட்டு எழுந்தவர்கள். ஆனால் அம்மா காலடிப்பேட்டையில் ஒரு இந்துக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். அவளுடைய அக்கா, என் பெரியம்மா, இன்னும் காலடிப்பேட்டையில்தான் இருக்கிறாள், பஞ்சாங்கத்தோடு. பங்குச் சாமியாருக்குத் தெரியாமல் ராகு காலம் பார்க்கிற கிறிஸ்தவர்கள் ராயபுரத்தில் நாங்கள் மட்டும் இல்லை. ஆனால் எங்களைப் போலப் பக்தியோடு பார்ப்பவர்கள் வேறு யாரும் இல்லை.

"ஆடியில தலப்பொண்ணு கடலத் தாண்டக் கூடாது" என்று பெரியம்மா போனில் தீர்ப்பு சொன்னாள்.

"ஆடி கீடின்னு இன்னாமே பேசிகினுகீறீங்க? சாமியார் காதுல வுழுந்தா மானம் போய்டும்" என்று நைனா அம்மாவை அதட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே என் பக்கம் திரும்பி, "ஒரு மாசம்தானேம்மா, போனா போவுது. துபாயி இன்னா நடந்தா போவப்போவுது?" என்றார்.

கடைசியில் என் கையில் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை நல்ல நாள் என்று பெரியம்மா குறித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றாள். நான்தான் ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இந்த அளவோடு யாராவது வந்திருந்தால் உப்பைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அந்தக் கையை உதறிவிட்டுப் போகிற தைரியம் எனக்கு இல்லை. டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். அறுபதாவது நாள் அதுதான்.

மாற்றும்போது ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். விமானம் மாலை நாலு பத்துக்குப் புறப்படும். துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆக அங்கே ஏழு மணிக்கெல்லாம் இறங்கிவிடலாம். ராத்திரி பன்னிரண்டு வரை விசா உயிரோடு இருக்கும். ஐந்து மணி நேரம் கைவசம் இருக்கிறது, போதாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நல்ல நாள் கைவிட்டுப் போய்விட்டதே, அதற்கு என்ன செய்வது? பெரியம்மாவிடம் வழி இருந்தது. ஆள் போக முடியாவிட்டால் பெட்டி போனால் போதும். நல்ல நேரத்தில் பெட்டியை வீட்டு வாசலைத் தாண்டி எடுத்துப்போய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அப்புறம் ஆள் எப்போது புறப்பட்டாலும் தோஷம் இல்லை. ஆனால் போன பெட்டி திரும்ப நம் வாசல் ஏறக் கூடாது. பயணம் போகிறவளே அந்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து அதைத் தன் கையால் எடுத்துக்கொண்டு நேராகப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டில் வைத்திருக்கலாம். எதிர் வீட்டில் வைத்திருக்கலாம். விமான நிலையம் போகிற வழியில், மாம்பலத்திலோ கிண்டியிலோ எங்களுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் அண்ணன் என் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, விமான நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில், வடக்கே, காலடிப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தான். என் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. கைப்பையில் வைத்தால் எவனாவது அறுத்துவிடுவான் என்று அம்மாதான் எடுத்து அடியில் வைத்திருந்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. அந்த அறுபது நாளில் நான் காட்டிய வீரம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை பத்தரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். வழியனுப்ப அன்பியத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். எங்கள் தெருவின் ஜெபக் கூட்டத்துக்கு அன்பியம் என்று பேர். சின்னதாக ஒரு ஜெபம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஜெபமாலை, மாதா பிரார்த்தனை, அதற்குமேல் ஆளாளுக்குத் தனித்தனியாக ஒரு மன்றாட்டு. ஒரு அம்மா நான் ஏறப்போகிற விமானத்தின் இறக்கைகளுக்காகக்கூட வேண்டிக்கொண்டாள். ஒவ்வொருவரும் என் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அது முடிந்ததும் அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய் ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். புதன்கிழமை வடக்கே சூலமாம். வடக்கே போவதென்றால் பால் குடித்துவிட்டுப் போனால் சூலம் ஒன்றும் செய்யாதாம்.

"நான் மேற்கே போறேம்மா. துபாய் மேற்கே இருக்கு."

"மொதல்ல காலடிப்பேட்டைக்குத்தானே போற? குடி."

குடித்தேன். பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்குவதால், பதினொன்று ஐம்பதுக்கு எல்லோரையும் அடித்துப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். வேன் அண்ணனுடைய தோஸ்து ஒருவனுடையது, அண்ணன்தான் ஓட்டினான். ஒருத்தி வெளிநாடு போனால் எங்கள் பக்கத்தில் வீடே வேனில் ஏறி விமான நிலையம் வரை போகும். சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மறைகிற வரை நின்று கையாட்டாவிட்டால் அது வழியனுப்பினதாகவே ஆகாது. அன்றைக்கு வேனில் பன்னிரண்டு பேர். அதில் பயணி நான் ஒருத்திதான்.

காலடிப்பேட்டைக்குப் போய்ச் சேரவே பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்பலாம் என்று இறங்கினேன். உள்ளே இலை போட்டிருந்தது. பெரியம்மா மீன் குழம்பு, வறுவல், பாயசம் எல்லாம் செய்துவைத்துக் காத்திருந்தாள். கை நனைக்காமல் போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றாள். மற்ற பதினொரு பேரும் சாப்பிட்டார்கள். நான் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒன்று ஐந்து.

"கிளம்பலாம் பெரிம்மா."

"இன்னாது, ராகு காலத்துலயா? ஒன்றரை ஆவட்டும்."

"பெட்டி முன்னாடியே வந்துடுச்சே. அதுக்கப்புறம் நேரம் பாக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது உன் வூட்டுக்கும்மா. இது என் வூடு. என் வூட்டுப் படிய நீ ராகு காலத்துல எறங்கி, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பேச்சு யாருக்கு?"

ஐ.சி.யூவில் டாக்டரையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். குடித்துவிட்டு வந்து கலாட்டா பண்ணினவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். பெரியம்மா வீட்டு நடையில், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒன்று முப்பத்திரண்டுக்குத் தெருவுக்கு வந்தோம். பெரியம்மாவும் ஏறிக்கொள்ளப் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேனை நிழலுக்காகத் தெரு முனையில், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்தான் அண்ணன். எனக்கு அங்கேதான் புத்தி வந்தது. காலடிப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்விடலாம், கவுன்ட்டர் மூன்று பத்துக்கு மூடுவார்கள். ஓடினால் கிடைக்கும்.

"நான் மெட்ரோவுல போயிடறேன்" என்றேன். "நீங்க வேன்ல பின்னாடியே வாங்க."

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் போய்விட்டேன். மூன்று படி ஏறிவிட்டேன். முப்பது கிலோ பெட்டி, ஒவ்வொரு படியிலும் இடித்தது. பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது.

"துபாய்க்குப் போற பொண்ண ஆபீஸுக்குப் போறவ மாதிரி ரயில்ல தொங்க வுட்டேன்னு நாளைக்கு ஊரு காறித் துப்பும். வா எறங்கி."

அண்ணன் சொன்னான்: "மெயின் ரோடுதான் பேஜாரு. நான் கடலோர ரோட்டுல வுட்டு இட்டுனு போறேன். ஒரு மணி நேரத்துல அங்க நிப்ப. அண்ணன் மேல நம்பிக்கை இல்லியா?"

நான் அதற்கெல்லாம் திரும்பவில்லை. அம்மாவின் குரலுக்குத்தான் திரும்பினேன். அவள் கத்தவில்லை. "நாங்க இன்னாத்துக்கு வந்தோம் அப்போ? கண்ணாலப் பாத்துனு அனுப்பலாம்னுதானே வந்தோம்?" என்று கேட்டுவிட்டு, நடைபாதையில் அப்படியே குந்திவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஸ்டேஷனிலிருந்து இறங்கி வந்தவர்கள் எல்லாம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பெற்றவளை ரோட்டில் உட்கார வைத்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்கிற பார்வை.

இறங்கினேன். மூன்று படியும் இறங்கினேன். அண்ணன் பெட்டியை வாங்கி வேனின் கூரையில் கட்டினான். அதற்கு ஒரு ஐந்து நிமிஷம்.

கடலோரச் சாலையில் முதல் பத்து நிமிஷம் வண்டி நன்றாகவே போனது. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் லாரிகள் வந்தன. துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வரிசையை விட்டுக் குறுக்கே நுழைந்த லாரி ஒன்று அச்சு முறிந்து நடுவில் நின்றுவிட்டது. இடது பக்கம் லாரி, முன்னால் லாரி, பின்னால் கொஞ்ச நேரத்தில் அங்கேயும் லாரி. வலது பக்கம் நடுச்சுவர். வேனால் ஒரு முழம் நகர முடியவில்லை.

இரண்டு மணி. இரண்டே கால். இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன். கூரையில் பெட்டி, பெட்டிக்குள் என் எட்டு வருஷத்துச் சான்றிதழ்கள். அண்ணன் எவனெவனுக்கோ போன் போட்டான். ஒரு ஆட்டோவாலும் உள்ளே வர முடியவில்லை. நைனா இறங்கிப் போய், தான் முப்பது வருஷம் துறைமுகத்தில் வேலை செய்தவன் என்று ஒரு லாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்வார், பாவம். அவரே காலையிலிருந்து அங்கே நிற்கிறார். வேனுக்குள் பெரியம்மா பழம் உரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை என்றதும், "கோவத்தப் பாரு" என்றாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற லாரியின் கன்டெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டி, சீல் வைத்து, நம்பர் எழுதி வைத்திருந்தது. அந்த இரும்புப் பெட்டி எப்படியும் இந்த வாரத்துக்குள் கடல் தாண்டிவிடும். அதற்கு நாள் பார்க்க யாரும் இல்லை, அழுவதற்கும் யாரும் இல்லை. ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து மனுஷி பொறாமைப்படலாமா? நான் பட்டேன்.

மூன்று மணிக்கு வழி விட்டது. விமான நிலையத்தில் இறங்கியபோது மூன்று ஐம்பது. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்து, தலையை ஆட்டி, ஆனாலும் உள்ளே விட்டார். கவுன்ட்டரில் ஒருத்தரும் இல்லை. ஒரு பெண் மட்டும் கணினியை மூடிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் கெஞ்சினேன். கை எடுத்துக் கும்பிட்டேன். அவள் தன்மையாகத்தான் பேசினாள். "ஃபிளைட் இன்னும் கீழதான் மேடம் இருக்கு. ஆனா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

இன்னும் கீழேதான் இருக்கிறது. அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்து, வேறு விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கைபேசியில் தட்டிக்கொண்டே இருந்தேன். நள்ளிரவுக்கு முன்னால் போய்ச் சேருகிற எதிலும் இடம் இல்லை. ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன். "லிஸ்ட்ல அடுத்த ஆளு ரெடியா இருக்காங்கம்மா. அவங்க காத்திருக்க மாட்டாங்க" என்றார். காத்திருக்கவும் இல்லை. அந்த இடத்துக்குக் கேரளத்துப் பெண் ஒருத்தி போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளாவது கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கட்டும்.

வெளியே வந்தேன். பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையாட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி யாரும் எதுவும் செய்யவில்லையே. எல்லோரும் பாசத்தோடுதான் இருந்தார்கள். அண்ணன் லாரிக்காரர்களைத் திட்டினான். நைனா அரசாங்கத்தைத் திட்டினார். பெரியம்மா புதன்கிழமையைத் திட்டினாள். அம்மா என் கன்னத்தைத் தடவி, "வுடும்மா, எல்லாம் ஏதோ நல்லதுக்குத்தான்" என்றாள். கட்டி எடுத்துவந்த புளிச்சோற்றை அங்கேயே பிரித்து எனக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒரு டம்ளர் பாலும் ஒரு கவளமும்தான் உள்ளே போயிருந்தன. அவமானத்திலும் பசிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்டி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். லேசாகக் குறட்டைகூட விட்டாள். பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். எழுபத்திரண்டு. அவ்வளவு அழகான, சீரான நாடியை நான் எங்கள் வார்டில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்ள இஷ்டமும் இல்லை.

அதற்குப் பிறகு நான் வேறு இடங்களுக்கு எழுதிப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சலிப்பு என்றேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். காலை ஷிப்டுக்கு மெட்ரோவில்தான் போகிறேன், காலடிப்பேட்டையைத் தாண்டி.

வீட்டில் அந்தப் புதன்கிழமை மெல்ல மெல்ல வேறு கதையாக மாறிவிட்டது. அதைக் கட்டியவள் அம்மா. பெற்றவர்களை விட்டுப் போக மனசில்லாமல் மகள் விமான நிலையம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள் என்பது அந்தக் கதை. கோயிலில் சொன்னாள், மீன் வாங்குகிற இடத்தில் சொன்னாள், அன்பியத்தில் சொன்னாள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்த செய்தியோடு அவள் அம்மா வந்திருந்தாள். எங்கள் அம்மா இறாலை உரித்துக்கொண்டே அந்தக் கதையை எடுத்தாள். "எம் பொண்ணு ஏரோப்ளேன் வாசல் வரிக்கும் போய்ட்டு, எம் மூஞ்சியப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. வந்தவள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கத்தினேன்.

"நான் திரும்பி வரலை. நீ என்னைப் போக விடலை. இனிமே எவகிட்டயாவது அந்தக் கதையைச் சொன்ன, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

நைனா அறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை உருவிப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஆமா, வுடல" என்றாள். "காது குத்துன்னேன், ஆடின்னேன், மயக்கம்னேன். பெட்டிய அக்கா வூட்டுல வெக்கச் சொன்னதும் நான்தான். பெத்தவ புடிச்சி இஸ்துகினுதான் இருப்பேன், வேற இன்னா பண்ணுவேன்? ஆனா நீ மூணு படி ஏறினியே. நாலாவது படி ஏறியிருந்தா நான் வந்து உன் கால உடைச்சிருப்பேனா? கொஞ்ச நேரம் அழுதிருப்பேன். அப்பால வூட்டுக்கு வந்து நைனாவுக்குச் சோறு ஆக்கியிருப்பேன்."

அம்மா உரித்த இறாலைச் சட்டியோடு என் பக்கம் தள்ளி, "நல்லா ரெண்டு தண்ணி வுட்டுக் கழுவு" என்றாள்.

வாங்கிக் கழுவினேன்.